கட்டில் என்ன விலைங்க?

அத்தியாயம் பதினொன்று

வண்டி விருத்தாசலத்தைத் தாண்டும்வரை ஞானதாஸ் வாயைத் திறக்கவில்லை.

மெர்சியும் அதை எதிர்பார்க்கவில்லை. கணவன் சார்லஸை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளோடு முகம் பார்த்துப் பேச ஆள் இல்லை. மாமியார் அருள்மேரி சுவரைப் பார்த்துப் பேசுவாள். ஆனால் சொல்லெல்லாம் மெர்சியின் மேல்தான் வந்து விழும். மாமனார் ஞானதாஸ் அதுவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் எழுந்து போவார்.

"நாக்குக்கு ருசி கேட்டா. எம்புள்ள போயி சேந்துட்டான்."

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அருள்மேரி சொன்னது இதுதான். வேப்பூர் ஹைவேஸ் கடையில் பரோட்டா சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு என்று மெர்சி சொன்னது உண்மை. பேச்சுவாக்கில், துணி மடித்துக்கொண்டே சொன்னது. சார்லஸ் சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் உண்மை. திரும்பி வரும்போது லாரி. அவன் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் பொட்டலம் பிரியாமல் கிடந்ததாம். அந்தப் பிரியாத பொட்டலத்தைப் பற்றி மட்டும் அருள்மேரி ஒருவரிடமும் சொல்ல மறந்ததில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு, நேற்றுத்தான் அவள் கொஞ்சம் இறங்கிப் பேசினாள்.

"ஒங்கண்ணன் வூட்டுல நாலு நாளு இருந்துட்டு வா. ஸ்ரீமுஷ்ணத்துக்கு லோடு போவுது, மாமாவோடயே போயிடு. கயலுக்கு ஸ்கூலு இருக்குது. அவள நான் பாத்துக்கறேன்."

அதற்கே மெர்சிக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று காலையில் மகள் கயல்விழியைப் பள்ளியில் விட்டாள். அத்தை சொன்னபடி கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். திரும்பி வந்தபோது பட்டறையின் குட்டியானை வண்டி வாசலில் தயாராக நின்றது. பின்னால் படுதா இழுத்துக் கட்டியிருந்தது. ஓரமெல்லாம் வைக்கோல் துருத்திக்கொண்டிருந்தது. ஞானதாஸின் பட்டறையில் சுட்டெடுக்கும் பீங்கான் ஃப்யூஸ் கட்டையும் பொம்மையும் வைக்கோலில் பொதிந்துதான் வெளியூர் போகும். மெர்சி மாடிப்படியில் கால் வைத்தபோது அருள்மேரி அவளுடைய பையைக் கையோடு கொண்டுவந்து நீட்டினாள்.

"மேல என்ன வேலை? வெயில் ஏறிடும். ஏறும்மா."

ஏறும்மா. அந்த 'ம்மா'வைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! மெர்சி மறு பேச்சில்லாமல் ஏறிக்கொண்டாள்.

"டிரைவர் வரலியா மாமா?"

"வரல" என்றார் ஞானதாஸ். அத்தோடு சரி.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாலத்தை இடித்துப் போட்டிருந்தார்கள். மண்ணைக் குவித்துச் சாலையை மறித்து, தகரத்தில் அம்புக்குறி போட்டு இடப்பக்கம் கைகாட்டியிருந்தது. ஞானதாஸ் வண்டியை நிறுத்தி அந்த அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தது. பின்னால் வந்த பைக் ஹாரன் அடித்ததும் இடப்பக்கம் திருப்பினார்.

குறுகலான தார்ச்சாலை. இரண்டு பக்கமும் முந்திரிக் காடு. பூத்திருந்தது. கண்ணாடியை இறக்கியதும் அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. செம்மண் தூசி காற்றில் தொங்கியது. பிறந்த ஊருக்கும் புகுந்த ஊருக்குமாக மெர்சி எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறாள். இப்படி ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரியாது.

ஒரு திருப்பத்தில் சாலை முழுக்க வண்டிகள். டிராக்டர், மாட்டு வண்டி, பின்னால் கூடை கட்டிய டிவிஎஸ். சாலைக்குப் பக்கத்தில் பெரிய புளியந்தோப்பு. தோப்பு நிறையச் சனம்.

"திருவிழாவா மாமா?"

ஞானதாஸ் எட்டிப் பார்த்தார். "சந்தை மாதிரி இருக்குது. இங்க எப்ப வந்துச்சு இது?"

அவராகவே வண்டியைத் தோப்பின் ஓரமாக ஏற்றி நிழலில் நிறுத்தினார். இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"போயி ஏதாச்சும் வாங்கிக்கம்மா. ஒங்கண்ணன் வூட்டுக்கு வெறுங்கையோட போவக் கூடாது."

"நேரமாவலியா மாமா? லோடு எறக்கணும்ல?"

"என்னா அவசரம்" என்றார், அவள் பக்கம் திரும்பாமல். "மெதுவாப் போவலாம்."

மெர்சி இறங்கினாள்.

புளியமர நிழலில் சாக்கை விரித்து, அவரவர் நிலத்தில் விளைந்ததை அவரவரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மண் காயாத வேர்க்கடலை கொத்துக் கொத்தாகச் செடியோடு கிடந்தது. கை நீள மரவள்ளிக் கிழங்கு. பிளந்து வைத்த பரங்கிக்காயின் மஞ்சள். புது உளுந்து, கேழ்வரகு, பனை ஓலையில் கட்டிய வெல்லம். கால் கட்டிய நாட்டுக்கோழிகள் வாய் பிளந்து மூச்சு வாங்கின. தராசு வைத்திருந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் கையால் அள்ளிக் கூறு கட்டியிருந்தார்கள்.

கூட்டத்தில் நடந்தபோது மெர்சிக்கு முதலில் உறைத்தது ஒன்றுதான். இங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துகிறவர்கள் இல்லை. 'இவதான்' என்று முழங்கையால் இடிக்கிறவர்கள் இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு நிமிர்ந்து நடந்தாள்.

"முந்திரிப்பழம் சாப்புடுறியா கண்ணு? மொத ஈட்டுப் பழம்."

கூப்பிட்டவளுக்கு ஐம்பது வயது இருக்கும். வீராயி என்று பக்கத்துக் கடைக்காரி அவளை விளித்ததில் பெயர் தெரிந்தது. கூடை நிறைய மஞ்சளும் சிவப்புமாகப் பழம்.

"இந்தச் சந்தை ரொம்ப நாளா நடக்குதுங்களா?"

"போன வருசத்துலேருந்துதான். மண்டிக்கு ஏத்திக்கினு போனா அங்க ஒக்காந்திருக்கறவன் சொல்றதுதான் வெல. போதும்டா சாமின்னு நாங்களே இங்க ஒக்காந்துட்டோம். வாரத்துல ஒரு நாளு." பேசிக்கொண்டே ஒரு பழத்தைக் கீறி உப்புத் தொட்டு நீட்டினாள். "சும்மா தின்னு. காசு வேணாம்."

மெர்சி தயங்கினாள். நாக்குக்கு ருசி கேட்டா. சாவு விழுந்த நாளிலிருந்து சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் விழுங்கி வந்தவள் அவள். வீராயியின் கை நீட்டியபடியே இருந்தது. வாங்கி வாயில் போட்டாள்.

சாறு தொண்டைக்குள் இறங்கியது. உப்பும் இனிப்பும், பின்னாலேயே அந்தக் கரகரப்பும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தொண்டையப் புடிச்சிக்கிச்சா? அப்படித்தான் இருக்கும்" என்றாள் வீராயி. மெர்சியின் வெறுங்கழுத்தை ஒரு கணம் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. இன்னொரு பழத்தை எடுத்துக் கீறினாள்.

கயலுக்குப் பிடிக்கும் என்று மெர்சி பச்சை வேர்க்கடலை வாங்கினாள். அண்ணன் வீட்டுக்கு ஒரு பரங்கிக் கீற்று. பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது வீராயி கேட்டாள்:

"அந்தக் குட்டியானை ஒங்களுதா? கட்டிலு, பீரோலாம் விக்கறதுக்கா கொண்டாந்திருக்கீங்க? இங்க அதெல்லாம் யாரும் கொண்டாறதில்லியே."

மெர்சி சிரித்தாள். "அதுல பீங்கான் லோடுங்க. நீங்க வேற வண்டியப் பாத்திருப்பீங்க."

"வேற குட்டியானை ஏது? அதோ பாரு."

வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பின்பக்கத்துப் படுதா பாதி அவிழ்ந்து தொங்கியது.

மெர்சி நடந்துதான் போனாள். ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. படுதாவுக்கு வெளியே ஒரு தேக்குக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போகப் போக அந்தக் காலில் கடைசல் வளையங்கள் தெரிந்தன. அடி வளையத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. கல்யாணத்தன்று மாடிக்கு ஏற்றும்போது படியில் இடித்துப் பெயர்ந்த சில்லு.

கட்டிலுக்குப் பின்னால் பீரோ. அதன் கதவில் கயல் ஒட்டிய வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர்கள். அம்மா சாகுமுன் வாங்கிக் கொடுத்த தையல் மிஷின். போர்வையில் மூட்டையாகக் கட்டிய அவளுடைய புடவைகள். அடுப்படியிலிருந்து, அவள் சீராகக் கொண்டுவந்த குக்கர்கூட வந்திருந்தது. இவற்றையெல்லாம் சுற்றி ஓரத்தில் மட்டும், வெளியே தெரிகிற மாதிரி, வைக்கோல் அடைத்திருந்தது.

ஒரு பெரியவர் கட்டிலின் சட்டத்தை விரல் மடக்கித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"நல்ல தேக்குதான் செல்வநாயகி. நம்ம பொண்ணுக்கு இதையே முடிச்சிடலாம்." அவர் ஞானதாஸ் பக்கம் திரும்பினார். "கட்டில் என்ன விலைங்க? அப்பலேருந்து கேக்கறேன், பெரியவரு வாயே தொறக்க மாட்டேங்கறாரு."

ஞானதாஸ் மரத்தில் சாய்ந்து நின்றார். மெர்சியைப் பார்த்ததும் அவர் முகம் கலைந்துபோயிற்று.

"மாமா" என்றாள் மெர்சி. "இது என்னோடது."

"ஆமாம்மா."

"நாலு நாளைக்கு இதெல்லாம் எதுக்கு மாமா?"

கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தவர் கையை எடுத்துக்கொண்டார். கோதண்டபாணி என்பது அவர் பெயர். தன் பரங்கிக்காய்களை ஏற்றிப் போக வண்டி கிடைக்குமா என்று கேட்க வந்தவர், வண்டி குலுங்கியதில் படுதாவுக்கு வெளியே வந்திருந்த கட்டில் காலைப் பார்த்து, விற்பனைக்கு வந்த கட்டில் என்று நினைத்துக்கொண்டு அவிழ்த்துவிட்டிருக்கிறார்.

"நான் கல்லறைக்குப் போயிருந்தப்ப ஏத்துனீங்களா?"

"ஒங்கத்தைதான்..." ஞானதாஸ் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஒன்னப் பாக்கப் பாக்க அவளுக்குப் பையன் நெனப்பு வருதாம். வூட்டுல நிம்மதி இல்லம்மா. ஒங்கண்ணங்கிட்ட நான் போன்ல பேசிட்டேன். அவரும் சரின்னுட்டாரு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கூட்டம் மெல்ல விலகிப் போக ஆரம்பித்தது. பிறகுதான் மெர்சிக்கு அந்தக் கேள்வி வந்தது. வந்த வேகத்தில் கையிலிருந்த பை நழுவி விழுந்தது.

"கயலு?"

ஞானதாஸ் தரையைப் பார்த்தார்.

"எம்பொண்ணு எங்க மாமா?"

"ஒன் நாத்தனாரு ஜெயசீலி நெய்வேலிலேருந்து வந்திருக்குது. சாப்பாட்டு மணி அடிச்சதும் ஸ்கூலுக்குப் போயி கூட்டிக்கினு போயிடும். அங்க நல்ல ஸ்கூலு. அதுக்கும் புள்ள இல்ல. கயலு நல்லா இருப்பா மெர்சி. நீயும் சின்னப் பொண்ணு, ஒனக்கும் ஒரு வாழ்க்கை..."

"வண்டியத் திருப்புங்க."

"சாமானோட திரும்பிப் போனா ஒங்கத்தை வாசல்லயே..."

"வண்டியத் திருப்புங்க மாமா!"

தோப்பில் இருந்த கோழிகள்கூட அடங்கின மாதிரி இருந்தது. ஞானதாஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கால் நகரவில்லை.

மெர்சி அவருக்கு எதிரே போய் நின்றாள். "நீங்களும் நம்புறீங்களா? நான்தான் அவரக் கொன்னேன்னு?"

"இல்லம்மா." அவர் உடனே சொன்னார். "சத்தியமா இல்ல. ஒரு நாளும் நான் அப்படி நெனச்சதில்ல."

"அப்புறம் ஏன் மாமா ஒருநாளாச்சும் அத்தைகிட்ட அதச் சொல்லல?"

அவர் துண்டால் மறுபடி முகத்தைத் துடைத்தார்.

மெர்சி இதற்கு மேல் நிற்கவில்லை. திரும்பி, சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டாள்: "யாராச்சும் விருத்தாசலம் போறீங்களா?"

கொஞ்சம் தள்ளி, காலி கிரேட்டுகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்த ஆள் கையைத் தூக்கினான். "நான் போறேங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம்."

"ஏறு கண்ணு, அவன் எங்கூட்டுக்காரரோட தம்பி மவன், தமிழ்மணி" என்றாள் வீராயி. விழுந்து சிதறிய வேர்க்கடலையை அள்ளிப் பையில் போட்டுக் கொடுத்தாள். "சாமானப் பத்திக் கவலப்படாத. நாங்க இருக்கறம்."

டெம்போ தோப்பிலிருந்து இறங்கும்போது மெர்சி ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஞானதாஸ் வண்டியின் பின்பக்கத்தில், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் போன். யாருக்கோ பேசிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று தெரியவில்லை.

வழியில் அண்ணனுக்குப் போன் போட்டாள். லூர்துசாமி எடுப்பதற்குள் இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது.

"ஒனக்குத் தெரியுமாண்ணா?"

"மெர்சி... அவங்க கூப்ட்டு அப்படிச் சொன்னப்ப நான் என்னா பண்ணுவேன்? சண்டை போட்டா நல்லாவா இருக்கும்? ஒன்ன வேணாம்னு நான் சொல்லலியே. வா, இருக்கற எடத்துல இருந்துக்கலாம்."

"கயலு?"

"புள்ளையப் பத்தி அவங்க சொல்லல மெர்சி. நானும் கேக்கல."

அவள் போனை அணைத்தாள். தமிழ்மணி வேகத்தைக் கூட்டினான். காலி கிரேட்டுகள் பின்னால் ஒன்றோடொன்று மோதித் தடதடத்தன.

பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போதே சாப்பாட்டு மணி அடித்தது. சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று மெர்சி ஓடினாள். பிள்ளைகள் டிபன் டப்பாக்களோடு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த வரிசையில் கயல் இல்லை.

வகுப்பு ஆசிரியை கனிமொழி அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். "கயல்விழி போயாச்சுங்களே. இப்பத்தான், கொஞ்சம் முன்னாடி."

"மணி அடிக்கறதுக்கு முன்னாடியேவா?"

"அவங்க அத்தை வந்தாங்க. ரொம்ப அவசரம்னாங்க. பாட்டி அருள்மேரி அம்மாவும் போன்ல பேசுனாங்க. கயலும் ஜெயா அத்தைன்னு ஓடிப்போயி கட்டிக்கிச்சு..." ஆசிரியையின் குரல் இறங்கியது. "ஏங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

மெர்சிக்குச் சட்டென்று பிடிபட்டது. தோப்பிலிருந்து வந்த போன். அதனால்தான் இந்த அவசரம்.

"எங்க போனாங்க?"

"ஆட்டோக்காரர்கிட்ட பஸ் ஸ்டாண்டுன்னு சொன்னாங்க."

தமிழ்மணி டெம்போவை இன்னும் எடுக்காமல் நின்றிருந்தான். அவள் ஓடி வருவதைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டான்.

பஸ் ஸ்டாண்டில் நெய்வேலி பஸ் பின்னுக்கு நகர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. மெர்சி டெம்போவிலிருந்து குதித்து அதன் முன்னால் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். டிரைவர் பிரேக் போட்டுத் திட்டினார். அவர் திட்டி முடிப்பதற்குள் அவள் படியில் ஏறிவிட்டாள்.

வலப்பக்கம், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட். ஜன்னலோரம் கயல். பக்கத்தில் ஜெயசீலி.

ஜெயசீலி சார்லஸுக்கு மூத்தவள். அவனுடைய அதே நெற்றி, அதே மூக்கு. மெர்சியைப் பார்த்ததும் அவள் கை தானாகப் போய்க் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தது.

"அம்மா!" கயல் எழுந்து நின்றாள். முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அவள் கையை நீட்டி மெர்சியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நீ அப்பாகிட்ட போவலியாம்மா?"

"என்னா கண்ணு?"

"அப்பா போன எடத்துக்கு அம்மாவும் போயிட்டாங்கன்னு ஜெயா அத்தை சொல்லுச்சு. இனிமே வரமாட்டாங்கன்னு. நான் அழுதேன்."

பஸ் நகர்ந்தது. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெர்சி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை உசுரோட பொதைச்சிட்டீங்களா அண்ணி?"

ஜெயசீலியின் கண்கள் நிறைந்துவிட்டன. "வேற என்னா சொல்றது? அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுக்கினே இருந்துச்சு. ஒரே தடவையா அழுது தீத்துடட்டும்னு..." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அப்பா போன் பண்ணாரு" என்றாள். "அழுதாரு. கயலை அவகிட்டயே விட்டுடு, பாவம், நமக்கு ஆகாதுன்னாரு. அவர் அழுது நான் பாத்ததே இல்ல மெர்சி. எந்தம்பி செத்ததுக்குக்கூட அவர் அழுவல."

"அப்புறமும் கெளம்பிட்டீங்க."

"அம்மாகிட்ட சொன்னேன், அவங்கதான் ஒடனே கெளம்புன்னாங்க. எனக்குந்தான்... எனக்கு யாரு இருக்கா சொல்லு? நாளைக்கே ஒனக்கு இன்னொரு கல்யாணம் ஆவும், இன்னொரு புள்ள பொறக்கும். எனக்கு எந்தம்பின்னு மிச்சம் இருக்கறது இந்த மொகம் ஒண்ணுதான்."

மெர்சிக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அழுகிற அந்த முகம் சார்லஸின் முகமாக இருந்தது. கை எழவில்லை.

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். "எங்கம்மா போவணும்?"

"அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கறோம்" என்றாள் மெர்சி. "நானும் எம்பொண்ணும்."

"எறங்கி?" ஜெயசீலி நிமிர்ந்தாள். அதில் ஏளனம் இல்லை. நிஜமாகவே கேட்டாள். "எறங்கி எங்க போவ மெர்சி? எந்த வூட்டுக்குப் போவ?"

மெர்சிக்கு அண்ணனின் இரண்டு அறை வீடு நினைவுக்கு வந்தது. பூட்டியிருக்கப்போகும் மாடி நினைவுக்கு வந்தது. அவள் குனிந்து கயலின் மறு கையைப் பிடித்தாள்.

விசில் அடித்தது. ஒரு வேப்பமரத்தடியில் பஸ் நின்றது. மெர்சி இறங்கினாள். கயல் இறங்கினாள். குழந்தையின் கையை விடாமல், செருப்பில் ஒன்றைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, ஜெயசீலியும் இறங்கினாள்.

"பை கெடக்குதும்மா!" என்று கண்டக்டர் கத்தினார். யாரும் திரும்பவில்லை. அவரே பையைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டு விசில் அடித்தார்.

பஸ் போன புழுதி அடங்கியது. நடு வெயிலில் மூன்று பேரும் நின்றார்கள். ஜெயசீலியின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அம்மா. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. ஆனால் குழந்தையின் கையையும் விடவில்லை.

ஆளுக்கொரு பக்கம் இழுபட்ட கைகளோடு கயல் இருவரையும் மாறி மாறி அண்ணாந்து பார்த்தாள்.

"வலிக்குது" என்றாள்.

மெர்சிதான் முதலில் பிடியைத் தளர்த்தினாள்.